இடியப்பக் கணக்கும் சமமில்லாத அணிகளும்

மாமாவுக்குக் கொழும்பில் மூன்று இடியப்பக் கடைகள். வெள்ளவத்தைக் கடை ஏழு நாளும் திறந்திருக்கும். கொட்டாஞ்சேனைக் கடைக்கு ஞாயிறும் போயா (பௌர்ணமி) தினமும் விடுமுறை. பம்பலப்பிட்டிக் கடை அந்த வாரம் வியாழக்கிழமைதான் பால் காய்ச்சித் திறக்கப்பட்டது. தன் கொப்பியை என்னிடம் நீட்டி, "எந்தக் கடை நன்றாக ஓடுகிறது என்று பார்த்துச் சொல்" என்றார். நானும் திங்கள் தொடங்கி ஞாயிறு வரையான பார்சல் எண்ணிக்கைகளைப் பைதன் நிரல்மொழியில் மூன்று அணிகளாக, அதாவது எண் பட்டியல்களாக, தட்டினேன்.

வெள்ளவத்தை = [42, 38, 51, 47, 60, 72, 35]
கொட்டாஞ்சேனை = [55, 49, 61, 58, 66]
பம்பலப்பிட்டி = [20, 26, 31, 24]

மாறிகளுக்கு, அதாவது இப்படி மதிப்பைத் தாங்கும் பெயர்களுக்கு, தமிழில் பெயர் வைக்கலாமா என்று உயர்தர வகுப்பு மாணவர்கள் கேட்பதுண்டு. தாராளமாக வைக்கலாம், 2008இல் வந்த பைதன் 3.0 முதல் அதற்கு இடமுண்டு. ஆனால் கீழே வரும் லென் (நீளம் காண்பது), மாக்ஸ் (மிகப் பெரியதைத் தருவது), ஃபார் (ஒவ்வொன்றாக எடுப்பது) முதலியவை பைதனின் சொந்தச் சொற்கள். ஒலி புரிவதற்காகத் தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஏழு, ஐந்து, நான்கு. நீளங்கள் மூன்றும் மூன்று விதம். இவற்றை ஒரே அட்டவணையாக்க 'ஸிப்' கட்டளையிடம் கொடுத்தால், மிகச் சிறிய அணி முடிந்த இடத்தில் அது சத்தமில்லாமல் நின்றுவிடும். வெள்ளவத்தையின் கடைசி மூன்று நாட்கள் காணாமல் போகும். ஒரு பிழைச்செய்தியும் வராது. எண் கணக்குக்கான பைதன் தொகுதியான நம்பை (NumPy) இந்த விஷயத்தில் நேர்மையானது: 1.24 பதிப்பிலிருந்து, நீளம் ஒவ்வாத பட்டியல்களை அப்படியே அணியாக்கச் சொன்னால் பிழை காட்டி மறுத்துவிடும்.

ஆகவே குட்டையான அணிகளை நிரப்பி நீளத்தைச் சமமாக்கவேண்டும். முதற்படி: மிக நீளமானது எவ்வளவு என்று கண்டுபிடிப்பது.

கடைகள் = [வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி]
நீளம் = மாக்ஸ்(லென்(கடை) ஃபார் கடை இன் கடைகள்)

விடை 7.

இரண்டாம் படி: எதைக் கொண்டு நிரப்புவது? புதிதாகப் பழகுபவர் கை நேரே பூச்சியத்துக்குத்தான் போகும். என் கையும் அப்படித்தான் போனது. கொட்டாஞ்சேனையின் மொத்தம் 289. இரண்டு பூச்சியங்களைச் சேர்த்து ஏழால் வகுத்தால் சராசரி 41.3. வெள்ளவத்தைக்கோ 49.3. ஆக, கொட்டாஞ்சேனை மந்தம் என்று சொல்லியிருப்பேன். கடை திறந்திருந்த ஐந்து நாளால் வகுத்தால் 57.8! கணக்கு தலைகீழாகிவிட்டது. பூச்சியம் என்றால் 'கடை திறந்தது, ஒன்றும் விற்கவில்லை' என்று பொருள். பூட்டியிருந்த கடைக்கு அதை எழுதுவது பொய்க்கணக்கு. மொத்தம் மட்டும் போதும் என்றால் பூச்சியத்தால் கெடுதல் இல்லை. சராசரிக்கு வந்தால்தான் வினை.

பைதனில் 'எதுவுமில்லை' என்பதற்கு 'நன்' (None) என்றொரு மதிப்பு உண்டு. அது உள்ளே இருக்கும் பட்டியலைக் கவனமில்லாமல் கூட்டப் போனால் உடனே பிழை வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்: தவறைக் கூவிச் சொல்லும் நிரப்பி. நம்பையில் எண் கணக்கு என்றால் 'நான்' (NaN) என்ற மதிப்பு வழக்கம். 'எண் அல்ல' என்பது அதன் பொருள். அது தனக்குத் தானே சமமில்லை. 'நான்' சமமா 'நான்' என்று கேட்டால் இல்லை என்றே விடை வரும். தத்துவம் பேசுகிறது என்று நினைக்கவேண்டாம், கணினி எண்களுக்கான பொதுத் தரநியமம் அப்படி. அது தசம எண் வகையைச் சேர்ந்ததால் 42 என்பது 42.0 ஆகிவிடும். அதை விலக்கிச் சராசரி காணும் கட்டளையின் பெயர் 'நான்மீன்'. முதல் தடவை வகுப்பில் வாசித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்றாம் படி: குறைவதைச் சேர்ப்பது.

புதியவை = [கடை + [நன்] * (நீளம் - லென்(கடை)) ஃபார் கடை இன் கடைகள்]

கூட்டல் குறி புதிய பட்டியலை உண்டாக்குகிறது. பழையது அப்படியே இருக்கும். பட்டியலின் வாலில் ஒன்றைச் சேர்க்கும் 'அப்பெண்ட்' கொண்டு நிரப்பினால் மூலப் பட்டியலே மாறிவிடும். பிறகு உண்மையில் எத்தனை நாள் கடை திறந்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. இதையே 'ஐட்டர்டூல்ஸ்' தொகுதியில் உள்ள 'ஸிப் லாங்கெஸ்ட்' ஒரே வரியில் செய்யும். ஆனால் அது நாள்வாரியாகத் திருப்பித் தரும்.

நீளம் சமமாகிவிட்டது. ஆனால் கணக்கு இன்னும் பிழை.

அந்த வாரம் புதன்கிழமை போயா. கொட்டாஞ்சேனையின் மூன்றாவது எண்ணான 61 வியாழனுக்குரியது. எங்கள் அட்டவணையில் அது புதனில் உட்கார்ந்திருக்கிறது. பம்பலப்பிட்டியின் 20 திங்களில் நிற்கிறது. திங்களன்று அங்கே அடுப்பே பற்றவைக்கவில்லை. புதன்கிழமை மொத்தம் 143 என்று வருகிறது. உண்மையில் வெள்ளவத்தையின் 51 மட்டும்தான். வாலில் ஒட்டினால் நீளம் வரும், இடம் வராது. கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். பூட்டிய நாட்களில் மாமா ஒரு சாய்கோடு போட்டிருந்தார். அதைத் தட்டாமல் விட்டவன் நான்.

ஆகவே இடைவெளி எங்கே என்று தெரிந்தால் நாளின் பெயரோடு சேர்த்து வையுங்கள். நாட்கள் என்ற பட்டியலில் திங்கள் முதல் ஞாயிறு வரை இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை = {"திங்கள்": 55, "செவ்வாய்": 49, "வியாழன்": 61, "வெள்ளி": 58, "சனி": 66}
வரிசை = [கொட்டாஞ்சேனை.கெட்(நாள்) ஃபார் நாள் இன் நாட்கள்]

'கெட்' கட்டளை, இல்லாத நாளுக்குத் தானாகவே 'நன்' தரும். விடை இது:

[55, 49, நன், 61, 58, 66, நன்]

பம்பலப்பிட்டிக்கும் இதே வழிதான். மூன்று 'நன்' முன்னால் வந்து நிற்கும்.

சோதனையை மறக்கவேண்டாம். நீளத்தை நீங்களே 7 என்று எழுதிவைத்து, ஒரு பட்டியலில் தவறுதலாக எட்டு எண்கள் இருந்தால், குறைவு -1 ஆகும். பைதன் ஒரு பட்டியலை -1 ஆல் பெருக்கினால் வெற்றுப் பட்டியலைத் தரும்; பிழை காட்டாது. எட்டு எட்டாகவே நிற்கும். நிரப்பிய பின் எல்லா நீளங்களையும் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள்.

இயந்திரக் கற்றல் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேராஸ், பைடார்ச் இரண்டும் அதற்கான தொகுதிகள். கேராஸின் 'பேட் சீக்வன்ஸஸ்', எந்தப் பக்கம் என்று நாம் சொல்லாவிட்டால், முன்னால் நிரப்பும்; பைடார்ச்சின் 'பேட் சீக்வன்ஸ்' பின்னால் நிரப்பும். வேறு எண் சொல்லாவிட்டால் இரண்டும் பூச்சியத்தையே போடும். அங்கே 'நான்' வைத்தால் அது தொட்ட கணக்கெல்லாம் 'நான்' ஆகிவிடும் என்பதால் பூச்சியத்தை ஏற்கத்தான் வேண்டும். எது மெய்யான எண், எது ஒட்டுப்போட்டது என்று 1, 0 ஆகக் குறிக்கும் இன்னோர் அணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். மாஸ்க் என்று அதற்குப் பெயர்.