ரைஃபிளுக்குப் புதுக் கட்டை மாற்றும்போது முன் திருகைக் கவனியுங்கள்

மலிவு விலை வேட்டை ரைஃபிளின் பிளாஸ்டிக் கட்டை (குழலைத் தாங்கி, தோளில் ஊன்றும் உடல்பகுதி) எளிதில் வளையும். முன்பகுதி குழலைத் தொட்டால் குறி அலையும். முதலில் அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்டை (அறையை மூடும் நகரும் தண்டு) கழற்றுங்கள். குழலையும் அதன் இயந்திரப் பகுதியையும் புதுக் கட்டையில் பொருத்தியதும் கட்டையின் அடிப்பாகத்தைத் தரையில் ஊன்றி நிமிர்த்திப் பிடித்தால், ரிகாயில் லக் (சுடும்போது வரும் பின்னுதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் உலோகப் புடைப்பு) அதற்கான பள்ளத்தின் பின்சுவரோடு ஒட்டி உட்காரும். அப்படியே கட்டையைப் பிடிக்கும் முன் திருகு, பிறகு பின் திருகு, சிறிது சிறிதாக மாறி மாறி முறுக்குங்கள். வெறும் பிளாஸ்டிக்குக்கு 35–45 இன்ச்-பவுண்டு (முறுக்கு விசையின் அளவு) போதும், அலுமினியத் தூண் பதித்ததற்கு 60–65. தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. டார்க் டிரைவர் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் கருவி) இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கவே முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் நசுங்கிவிடும். போல்ட் மூட இறுகுகிறதா? முன் திருகு நீளம் அதிகம், நுனி போல்டின் லக்கில் (போல்டைப் பூட்டும் புடைப்பு) இடிக்கிறது என்று சந்தேகியுங்கள். குழலுக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு தாள் தடையின்றி ஓட வேண்டும். வேட்டைக்குமுன் மறுபடி ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு படுகிறதா என்று) பாருங்கள்.