ரஷ்ய மொழியில் பெயர்ச்சொல்லைப் பெயரடை ஆக்குவது எப்படி?

பால்பாயசம், கல்வீடு என்று தமிழில் இரண்டு பெயர்ச்சொற்களை அப்படியே ஒட்டிவிடுகிறோம். ரஷ்ய மொழியில் பெரும்பாலும் முன்னால் வரும் சொல்லைப் பெயரடையாக மாற்ற வேண்டும். ‘மொலொக்கோ’ என்றால் பால். அதை வைத்தே செய்து பார்ப்போம். (சொற்களை ரஷ்ய எழுத்துக்கூட்டலின்படி தருகிறேன், உச்சரிப்பு சற்று மாறும்.)

முதல் படி: கடைசி உயிரை நீக்குங்கள். ‘மொலொக்’ மிஞ்சும்.

இரண்டாம் படி: ஒட்டைத் தேர்ந்தெடுங்கள். அதிகம் வருவது ‘ன்’. காடு ‘லெஸ்’, காடு சார்ந்தது ‘லெஸ்னோய்’. ஒன்று எதனால் செய்யப்பட்டது என்று சொல்ல ‘ஆன்’, ‘யான்’ வரும்: தோல் ‘கோஜா’, தோலால் ஆனது ‘கோஜனிய்’. மரங்களுக்கும் பழங்களுக்கும் ‘ஒவ்’ அதிகம்: ஆரஞ்சு ‘அப்பெல்சீன்’, ‘அப்பெல்சீனொவிய்’. ஆனால் ‘லிமோன்’ என்ற எலுமிச்சையோ ‘லிமோன்னிய்’ என்று ‘ன்’ பக்கம் போய்விடும். அதனால் பெயர்ச்சொல்லையும் பெயரடையையும் சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் நல்லது என்பேன்.

ஊர்ப் பெயர்களுக்கு ‘ஸ்க்’. மாஸ்கோ ‘மொஸ்க்வா’, நடுவில் ஓர் ‘ஒ’ நுழைந்து ‘மொஸ்கோவ்ஸ்கிய்’ ஆகும். ஒன்றைக் கவனியுங்கள்: மொஸ்கோவ்ஸ்கிய் ரயில் நிலையம் இருப்பது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்! மாஸ்கோவுக்கு ரயில் அங்கிருந்து கிளம்புவதால் அந்தப் பெயர். அதே பாதையின் மாஸ்கோ முனையில் இருக்கும் நிலையம் ‘லெனின்கிராத்ஸ்கிய்’, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பழைய பெயரான லெனின்கிராத் என்பதிலிருந்து. ‘ஸ்க்’ தொடர்பை மட்டுமே சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

மூன்றாம் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘ன்’ வரும்போது அதற்கு முன்னிருக்கும் மெய் மாறும். க் என்பது ச் ஆகும்: ‘மொலோச்னிய்’. ‘க்னீகா’ (புத்தகம்) போல ஆங்கில g ஒலியுள்ள க இருந்தால் ஜ்: ‘க்னீஜ்னிய்’. ஹ் என்பது ஷ்: காது ‘ஊஹொ’, ‘உஷ்னோய்’. ஒட்டைப் போல இது ஆளுக்கொரு விதமாகப் போகாது, நம்பிப் பழகலாம். ஆனால் ‘ஒவ்’ முன்னால் மாற்றம் இல்லை: கொட்டைப்பருப்பு ‘ஒரேஹ்’, ‘ஒரேஹொவிய்’.

கடைசிப் படி, பின்னால் வரும் சொல்லின் இலக்கணப் பாலுக்கேற்ற முடிவு (ரஷ்ய மொழியில் பொருட்களின் பெயர்களும் ஆண்பால், பெண்பால் என்று பிரியும்). ஆண்பாலுக்கு ‘மொலோச்னிய் ஷொக்கொலாத்’ (பால் சாக்லேட்), பெண்பாலுக்கு ‘மொலோச்னயா காஷா’ (பால் கஞ்சி), இரண்டிலும் சேராத நடுப்பாலுக்கு ‘மொலோச்னொயெ’. அழுத்தம் முடிவில் விழுந்தால் ஆண்பாலில் ‘இய்’ போய் ‘ஓய்’ வரும்; லெஸ்னோய், உஷ்னோய் அப்படித்தான்.

சரி, இப்போது நீங்களே செய்யுங்கள்: காற்று ‘வோஸ்துஹ்’, ஒட்டு ‘ன்’, ஆண்பால். ‘வொஸ்தூஷ்னிய்’ வந்ததா?