மண் பாக்டீரியாக்களில் மருந்து தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணுயிர் எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் மண் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுக்க முனைவோர் பெரும்பாலும் முதலில் சறுக்குவது அவசரத்தால்தான். ஸ்ட்ரெப்டோமைசஸ் முதலான ஆக்டினோமைசீட்டுகள் (இழைகளாக வளரும் மண் பாக்டீரியா வகை) மெதுவாக வளர்பவை. 28 டிகிரி செல்சியஸ் அளவில் 7 முதல் 14 நாள்கள் வரை காத்திருக்க வேண்டியிருக்க, இரண்டே நாளில் வேறு பாக்டீரியாக்கள் படர்ந்துவிட்டதைக் கண்டு வளர்ப்புத் தட்டையே கழித்துவிடுகிறார்கள். மண்ணை முன்னதாக உலர்த்திக்கொள்வதும், சத்து மிகுந்த வளர்ப்பு ஊடகத்துக்குப் பதிலாக, மாவுச்சத்தும் பால்புரதமும் கலந்த கூழான ஸ்டார்ச் கேசின் அகாரைப் பயன்படுத்துவதும் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும்.

அடுத்த தவறு, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது: தடை வளையம் (பொருளைச் சுற்றிச் சோதனை பாக்டீரியா வளராமல் தெளிவாக நிற்கும் வட்டம்) அகலமாக இருந்தால் பொருளின் வீரியமும் மிகுதி என்று முடிவு கட்டுவது. வளையத்தின் அகலம், அந்த மூலக்கூறு அகாருக்குள் எவ்வளவு எளிதில் பரவுகிறது, அகார் எவ்வளவு தடிமன், சோதனை பாக்டீரியாவை எவ்வளவு அடர்த்தியாகப் பரப்பினோம் என்பவற்றையும் சார்ந்தது. பாலிமிக்சின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பொருள் வீரியமானதுதான், ஆனாலும் அகாரில் சரியாகப் பரவாததால் சிறிய வளையத்தையே தருகிறது. வீரியத்தை ஒப்பிட வேண்டுமானால், வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை அளந்தாக வேண்டும். வளையத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்: பாக்டீரியா வெளியிட்ட வெறும் அமிலமோ, சாற்றை ஏற்றி அகாரின் மேல் வைக்கும் காகித வட்டில் ஆவியாகாமல் எஞ்சிய எத்தில் அசிட்டேட் என்னும் கரைப்பானோகூட அதை உண்டாக்கிவிடும். கரைப்பான் மட்டும் இட்ட கட்டுப்பாட்டு வட்டு இல்லாத சோதனையை நான் நம்புவதில்லை.

கிடைத்ததைப் புதியது என்று உடனே அறிவிப்பதும் கூடாது. 1942-இல் அறியப்பட்ட ஸ்ட்ரெப்டோத்ரிசினும், 1943-இல் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் கண்டறிந்த ஸ்ட்ரெப்டோமைசினும் மண் மாதிரிகளில் திரும்பத் திரும்பக் கிடைப்பவை. ஆகவே நிறை நிறமாலையியல் (மூலக்கூறின் நிறையை அளந்து அடையாளம் காணும் முறை) வழியாகப் பழைய சேர்மங்களோடு ஒப்பிட்ட பிறகே மேலே செல்ல வேண்டும். அதேபோல், வளையமே தோன்றாத பாக்டீரியாவைப் பயனற்றதென்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2002-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலரின் மரபணுத் தொகுதியில் இத்தகைய சேர்மங்களுக்கான மரபணுக் கொத்துகள் இருபதுக்கும் மேல் இருந்தன. அவற்றில் பல ஆய்வக ஊடகத்தில் உறங்கியே கிடந்தன. ஊடகத்தை மாற்றினால் சில விழித்துக்கொள்ளக்கூடும்.

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று கருதுவது வேறு வகைத் தவறு. 1940-இல் பிரிக்கப்பட்ட ஆக்டினோமைசின், நோய்த்தொற்றுக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சாக இருந்து, பின்னர் புற்றுநோய் மருந்தாயிற்று. ஸ்ட்ரெப்டோமைசினும் காதின் கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடியது. மண்ணில் மருந்து இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் புண்ணில் மண்ணைப் பூசுவதோ உயிருக்கே ஆபத்து. இரணஜன்னியை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியத்தின் வித்துகளும் அதே மண்ணில்தான் இருக்கின்றன.