ஏற்காட்டுச் சின்ன கிளினிக்கில் உயிர்காப்பு மூலை: எதை எங்கே வைப்பது?

ஏற்காட்டிலிருந்து சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். இதயம் நின்றவரை அப்படியே வண்டியில் ஏற்றினால், அந்த வளைவுகளில் நெஞ்சை ஒழுங்காக அழுத்தவே முடியாது. முதல் வேலை மேலேயே நடக்கணும். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் போதும்.

படி 1: ஆள் நிற்க இடம்

சாமானை அடுக்குவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து 3 அடி இழுத்து, தலைமாட்டுத் தடுப்பைக் கழற்றி, சக்கரத்தைப் பூட்டுங்கள். தலைமாட்டில் மூச்சுப்பாதையைப் பார்ப்பவர். நெஞ்சை அழுத்த இரு பக்கமும் ஆள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கை சோர்ந்து ஆழம் குறையும். குள்ளமானவர் ஏறி நிற்கப் படி ஸ்டூல் ஒன்று கட்டிலுக்கடியில். நுரை மெத்தை என்றால் முதுகுக்கடியில் வைக்க ஒரு பலகை.

படி 2: தலைமாடு

தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைப் பிடிப்பது இடது கை. எனவே சக்‌ஷன் குழாய் (சளி, வாந்தியை உறிஞ்சுவது) வலது கைக்கு எட்டணும். எப்போதும் மாட்டியே இருக்கட்டும். ஜாடி மூடி லேசாகச் சரிந்திருந்தாலும் மோட்டார் ஓடும், ஆனால் உறிஞ்சாது. கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கின் வாயை உள்ளங்கையால் அடைத்து அமுக்குங்கள்: எதிர்ப்பு தெரியாவிட்டால் வால்வு போச்சு.

படி 3: ஆக்சிஜன்

பி டைப் சிலிண்டர் முழுதாக நிறைந்திருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் 100 நிமிடம். அழுத்தம் காட்டும் கேஜ் பாதியில் நின்றால் 50 நிமிடம். மாற்று சிலிண்டர் சேலத்திலிருந்து மலையேறி வரணும், மழையில் மண் சரிந்தால் வராது. ஆகவே ஒன்று ஓட, இரண்டு நிறைந்து நிற்கட்டும். சாவியைச் சங்கிலியில் கட்டி சிலிண்டரிலேயே தொங்கவிடுங்கள். இது மட்டும் எப்படியோ காணாமல் போகும்.

படி 4: டிராலி

அவசர மருந்தும் சாமானும் வைக்கும் டிராலியைக் கால்மாட்டுப் பக்கம், ஊசி போடும் சிஸ்டர் கைக்கு எட்ட நிறுத்துங்கள். தலைமாட்டில் நிறுத்தினால் மூச்சுப்பாதை பார்ப்பவருக்கு வழி அடைபடும்.

டிராலியின் மேல் இழுப்பறையில் மருந்து. நின்ற இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் 1 மில்லிகிராம் ஆம்பியூல் (மருந்துக் குப்பி) 10. 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 30 முதல் 50 நிமிடத்துக்குத்தான் வரும். துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் 150 மில்லிகிராம் ஆம்பியூல் 3: முதல் டோஸ் 300, அடுத்தது 150. தவறிப் போட்டால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய பொட்டாசியம் குளோரைடை இந்த இழுப்பறைக்குள் விடவே விடாதீர்கள். அவசரத்தில் எந்த ஆம்பியூலும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டாம் இழுப்பறையில் பச்சை, ரோஸ் கான்யூலா (நரம்பில் போடும் சின்னக் குழாய்), சிரிஞ்ச், பிளாஸ்டர். மூன்றாவதில் மூச்சுக்குழாய்க்குள் போடும் 7, 7.5, 8 அளவுக் குழாய்கள், லாரிங்கோஸ்கோப் பிளேடு 3, 4. அடியில் சலைன். இழுப்பறைக்கு வெளியே தமிழில் பெயர் ஒட்டுங்கள்.

படி 5: டிஃபிப்ரிலேட்டர்

இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் இந்தக் கருவி நோயாளியின் இடப்புறம், திரை எல்லோருக்கும் தெரிய. பிளக்கைப் பிடுங்கி போனுக்குச் சார்ஜ் போடுவது நடக்கிற காரியம். அந்த சாக்கெட்டுக்குச் சிவப்பு டேப். பேட்டரி இறங்கியது தெரியாமல் கரண்ட் போனால் ஷாக் கொடுக்கவே முடியாது. ஒட்டும் பேடுகளைப் பிரித்து வைக்காதீர்கள், ஜெல் காய்ந்துவிடும்.

படி 6: ஷிஃப்டுக்கு ஒருமுறை

லாரிங்கோஸ்கோப் விளக்கு எரிகிறதா, கேஜ் எவ்வளவு, டிஃபிப் டெஸ்ட் ஷாக் சரியா என்று பார்த்துக் கையெழுத்து. டிராலியில் போட்ட பூட்டின் நம்பர் மாறியிருந்தால், யாரோ திறந்திருக்கிறார்கள்; டிராலியைத் திறந்து எண்ணணும். பயன்படுத்திய அன்று, கேஸ் ஷீட் எழுதுவதற்கு முன்பே காலியானதை நிரப்பிவிடுங்கள்.