ஃபுளூ காய்ச்சலை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் முறை

காலையில் நன்றாக நடமாடியவர், மாலைக்குள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறதென்று போர்வைக்குள் சுருண்டுகொண்டால், அது வெறும் சளியாக இல்லாமல் ஃபுளூவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காய்ச்சல் பெரும்பாலும் 3, 4 நாள்களில் தணிந்துவிடும். இருமலும் அசதியும் 2 வாரம் வரைகூட இழுக்கலாம். இது வைரஸால் வருவது என்பதால், போன முறை மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வதால் எந்தப் பயனும் இல்லை.

முதல் படி: வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று முடிவு செய்யுங்கள். கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் ஆகியோரை முதல் நாளே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஃபுளூ வைரஸுக்கென்றே உள்ள ஓசெல்டாமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

இரண்டாம் படி: ஒரு நோட்டை எடுத்து, நேரம், காய்ச்சலின் அளவு, கொடுத்த மருந்து, சிறுநீர் கழித்த வேளை ஆகியவற்றை எழுதி வாருங்கள்.

மூன்றாம் படி: பாராசிட்டமால். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 6 மணி நேர இடைவெளியில் போதும். கல்லீரல் நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. குழந்தைகளுக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்தே அளவு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஒரே 5 மில்லி சிரப்பில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ள பாட்டிலும் உண்டு. ஆகவே 10 கிலோ குழந்தைக்கு வேண்டிய 150 மில்லிகிராம், 250 என்று எழுதிய பாட்டிலில் 3 மில்லிதான். லேபிளைப் படிக்காமல் மூடியில் ஊற்றாதீர்கள்.

என் அம்மாவுக்குக் காய்ச்சலுக்கென்று ஒரு மாத்திரையும் சளிக்கென்று வேறொரு மாத்திரையும் நாள் முழுக்கச் சேர்த்தே கொடுத்துவிட்டு, இரவில் அட்டையைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்தபோதுதான் இரண்டிலும் பாராசிட்டமால் இருப்பது எனக்குத் தெரிந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. சளி மாத்திரைகள் பலவற்றில் அது கலந்திருக்கும் என்பதால், அட்டையின் பின்பக்கத்தைப் படித்த பிறகே கொடுங்கள். மழைக்காலத்தில் டெங்குவும் இதே போலத் தொடங்கும். அது இல்லையென்று உறுதியாகும் வரை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம்.

நான்காம் படி: நீர் ஆகாரம். வாய் கசந்து சோறு இறங்காது; வற்புறுத்த வேண்டியதில்லை. உப்புப் போட்ட கஞ்சி, இளஞ்சூட்டு ரசம், இளநீர் என்று அரை மணிக்கொரு தடவை அரை தம்ளர் குடித்தால் போதும். வாந்தியோ பேதியோ இருந்தால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில், பெரும்பாலும் 1 லிட்டரில், முழுவதுமாகக் கரைத்துக் கொடுங்கள். பாதிப் பொடியைப் போட்டுக் கண்ணளவில் தண்ணீர் ஊற்றுவது தவறு. சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போகிறதென்றால் நீர் போதுமான அளவு சேர்கிறது.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து உண்டு என்பதால் குழந்தைகளுக்கு வேண்டாம்.

ஐந்தாம் படி: நோயாளியைக் காற்றோட்டமான தனி அறையில் படுக்க வையுங்கள். மருந்தில்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்த பிறகே பள்ளிக்கோ வேலைக்கோ அனுப்பலாம்.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாரித்தல், பேச்சில் குழப்பம், குழந்தை 8 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதிருத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். காய்ச்சல் விட்டு, இரண்டொரு நாள் தெளிந்திருந்து, மறுபடி இருமலோடு ஏறினால் அது நிமோனியாவாக இருக்கக்கூடும். அப்போதும் தாமதிக்காமல், எழுதி வந்த அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.