காரைக்குடிக்கு வந்தால் கார் வேண்டுமா? வாடகை பேசும் முன் போட வேண்டிய கணக்கு

விடுமுறை நெருங்கினால் சொந்தக்காரர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "அங்க வந்தா கார் எடுத்துக்கணுமா, இல்ல ஆட்டோவிலேயே சுத்திடலாமா?" முன்பெல்லாம் யோசிக்காமல் "கார் எடுத்துருங்க" என்று சொல்லிவிடுவேன். என் சித்தப்பா பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

சித்தப்பா குடும்பம் மதுரையில் ரயிலை விட்டு இறங்கியதும் டிரைவரோடு ஒரு காரை மூன்று நாளைக்குப் பேசிவிட்டார்கள். காரைக்குடி பக்கத்துக் கானாடுகாத்தானில் தங்கல். முதல் நாள் வந்து சேரவே சாயங்காலம். இரண்டாம் நாள் நன்றாகச் சுற்றினார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் நடந்தே வீடுகளைப் பார்த்தார்கள், கார் வேப்ப மரத்தடியில் தூங்கியது, டிரைவர் தம்பியும் உள்ளே தூங்கினார். ஓடியது 310 கிலோமீட்டர். பில் வந்தது 750 கிலோமீட்டருக்கு. வெளியூர் வண்டிக்கு ஒரு நாளைக்கு மினிமம் 250 கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு, அதைப் பேசும்போது யாரும் விளக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. கிலோமீட்டருக்கு 13 ரூபாய் வீதம் 9,750 ரூபாய், டிரைவர் பேட்டா தனி. சித்தி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

மூன்று நாள் பயணத்தில் செட்டிநாட்டில் கார் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு நாள். அது எந்த நாள் என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

படி 1: எங்கே தங்குகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

செட்டிநாடு என்று ஒரு நகரம் கிடையாது. அது காரைக்குடியைச் சுற்றிப் பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம். சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. செட்டிநாடு என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, அது கானாடுகாத்தான் பக்கம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது. தேவகோட்டை ரஸ்தா என்ற நிலையத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, இறங்கிய இடத்தில் தேவகோட்டையைத் தேடியவர்களும் உண்டு. ஊர் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சந்தேகம் இருந்தால் காரைக்குடிக்கே டிக்கெட் எடுங்கள்.

காரைக்குடியில் தங்கினால் வாசலில் ஆட்டோ, நடக்கும் தூரத்தில் சாப்பாடு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் இருக்கும். கார் இல்லாமல் சமாளிக்கலாம். கானாடுகாத்தான் போன்ற ஊரில் பழைய வீடு ஒன்றில் தங்கினால் நிலைமை வேறு. ஊருக்குள் சுற்ற கார் வேண்டாம். தெருக்கள் நேர்க்கோடாகவும் அகலமாகவும் இருக்கும், முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் முடியும் வீடுகளை நடந்து பார்ப்பதுதான் சுகம். ஆனால் இருட்டிய பிறகு வெளியே போக வேண்டுமென்றால் கையைப் பிசைய வேண்டியதுதான். அதனால் ராத்திரி சாப்பாட்டைத் தங்கும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்காக ஒரு காரை நிறுத்தி வைக்காதீர்கள்.

படி 2: பார்க்கும் இடங்களை மூன்று கட்டமாக எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள், போனில் வேண்டாம், ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

முதல் கட்டம், நடை அல்லது ஆட்டோ. கொப்புடையம்மன் கோவில், ஆயிரம் ஜன்னல் வீடு, கம்பன் மணிமண்டபம், அதே வளாகத்தில் தமிழ்த்தாய் கோவில், பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெரு. எல்லாம் காரைக்குடிக்குள்தான். பழம்பொருள் தெருவுக்குக் காரில் போவது வீண். ஒரு கடையில் எனாமல் தூக்கை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போய்விடும், வெளியே வெயிட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் கட்டம், பஸ்ஸில் முடியும் இடங்கள். குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் திருப்பத்தூர் போகும் சாலையில் அடுத்தடுத்து வருகின்றன. பிள்ளையார்பட்டி சுமார் 13 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் குறைவில்லை. டவுன் பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இந்தச் சலுகை இருக்கிறது. திருமயம் கோட்டையும் புதுக்கோட்டை, திருச்சி போகும் பஸ் வழியில்தான்.

மூன்றாம் கட்டம், கார் இருந்தால்தான் நிம்மதி. தரைக்கல்லுக்குப் பெயர்போன ஆத்தங்குடி அப்படிப்பட்டது. பஸ் உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இளையாத்தங்குடி, மாத்தூர், இரணியூர் என்று நகரத்தார் கோவில்கள் ஒன்பதையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே வேண்டாம், கார் எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் கட்டத்தில் ஒன்றிரண்டு பெயர்தான் விழுந்திருக்கிறதா? அவற்றை ஒரே நாளில் சேருங்கள். உங்கள் கார் நாள் அதுதான்.

படி 3: மதியத்தைக் கவனியுங்கள்

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். நம் கோவில்கள் மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். பத்து மணிக்கு மெதுவாகக் கிளம்பி, நடை சாத்திய பிறகு பிள்ளையார்பட்டி போய் நின்றால், திறக்கும் வரை காருக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இளநீர் குடிக்கலாம்.

நான் சொல்லிக் கொடுக்கும் வரிசை இது. காலை ஏழரைக்குக் கிளம்பி முதலில் குன்றக்குடி; வெயில் ஏறுமுன் படி ஏறிவிட வேண்டும். அடுத்து பிள்ளையார்பட்டி. பத்தரை மணிக்கு மேல் ஆத்தங்குடி. அங்கே தரைக்கல் செய்வதை நின்று பாருங்கள்: கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது, சூளையில் சுடுவதே இல்லை. மதியச் சாப்பாடு கானாடுகாத்தானில், அதை முந்தின நாளே போனில் சொல்லிவிட வேண்டும். மூன்று மணிக்கு மேல் திருமயம். கோட்டையைச் சுற்றிவிட்டு இறங்கும்போது கீழே சிவன் கோவிலும் பெருமாள் கோவிலும் திறந்திருக்கும். பிறகு காரைக்குடி.

இந்தச் சுற்று 80 கிலோமீட்டரை ஒட்டி வரும். அதனால் '8 மணி நேரம், 80 கிலோமீட்டர்' லோக்கல் பேக்கேஜ் போதும் என்று தோன்றும். மணியைக் கூட்டிப் பாருங்கள். ஏழரைக்கு ஏறினால் மூன்றரைக்கு எட்டு மணி நேரம் முடிந்துவிடும், நீங்கள் திருமயத்தில் நிற்பீர்கள். இங்கே கிலோமீட்டரைவிட மணிதான் கையை மீறும். ஆகவே '10 மணி நேரம், 100 கிலோமீட்டர்' என்று முதலிலேயே விலை கேளுங்கள்.

படி 4: தலைக்கு எவ்வளவு?

விலை ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். கணக்குக்காக மட்டும், அந்த ஒரு நாள் காருக்கு 2,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் என்றால் தலைக்கு 700. மற்ற இரண்டு நாள் ஆட்டோவுக்கு மொத்தம் 800 என்றால் தலைக்கு 200. ஆக 900. இதையே மூன்று நாளும் வெளியூர் கார் வைத்து, சித்தப்பா பில்லை நான்கால் வகுத்தால் பேட்டா சேர்க்காமலே 2,400க்கு மேல் போகிறது. மதுரையிலிருந்து காரைக்குடிக்கு வரும் பஸ் செலவைச் சேர்த்தாலும் முதல் கணக்கு பக்கத்தில்கூட வராது.

தனியாக வருகிறீர்களா? அப்படியென்றால் பஸ்தான். ஆத்தங்குடிக்கு மட்டும் ஆட்டோ பேசி, போக வர, அங்கே ஒரு மணி நேரம் நிற்க, எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக முடித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைத் தூக்கிப் போட வேண்டிய இடமும் உண்டு. முழங்கால் வலி உள்ள ஆச்சியோ கைக்குழந்தையோ கூட வந்தால், ஓரிரு ஆயிரத்துக்காகப் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைக்காதீர்கள். முகூர்த்த நாட்களிலும் கவனம். கல்யாணம் என்றால் எங்கெங்கோ இருக்கும் குடும்பங்கள் ஊர் வீட்டுக்கு வந்து இறங்கும், வட்டாரத்தில் ஒரு டாக்ஸி மிஞ்சாது. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பழனிக்கு நடந்து போகிறவர்களால் குன்றக்குடிச் சாலை நிறைந்திருக்கும், கார் ஊர்ந்துதான் போகும்.

படி 5: டிரைவரோடா, நீங்களே ஓட்டுவதா?

என் கட்சி டிரைவரோடுதான். எந்த வளைவில் திரும்பினால் ஆத்தங்குடி, எந்த வீட்டை இன்று உள்ளே விடுகிறார்கள் என்பதெல்லாம் மேப்பில் வராது. போனில் பேசும்போது இதைக் கேளுங்கள்: மினிமம் கிலோமீட்டர் உண்டா? கிலோமீட்டர் எங்கிருந்து ஓட ஆரம்பிக்கும், நான் ஏறும் இடத்திலிருந்தா அல்லது உங்கள் ஷெட்டிலிருந்தா? பேட்டா, டோல், பார்க்கிங் உள்ளேயா வெளியேயா? மணி கூடினால் எவ்வளவு? பதிலை வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால் வேறு வண்டி பாருங்கள்.

நானேதான் ஓட்டுவேன் என்பவர்கள் வண்டியை மதுரையிலோ திருச்சியிலோ எடுப்பது நல்லது. இரண்டும் இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான். முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்களே ஓட்ட வாடகைக்கு விடும் வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டாக்ஸி. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கான கார்; அதை வாடகைக்கு எடுத்து எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போது சிக்கல் வரும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சாவி வாங்கும் முன் காரைச் சுற்றி ஒரு வீடியோ, பெட்ரோல் முள்ளுக்கும் ஓடிய கிலோமீட்டருக்கும் ஒரு போட்டோ. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை, ஃபாஸ்டாக் பணம் யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அந்த ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஆத்தங்குடிக் கல் வாங்குவதற்காகக் கார் எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நாலு கல் மாதிரிக்கு என்றால் சரி. ஒரு அறைக்குத் தேவையான கல்லை டிக்கியில் ஏற்றினால் கார் பின்பக்கமாகக் குந்திவிடும். அதை லாரியில் அனுப்பச் சொல்லிப் பேசிவிட்டு வாருங்கள்.

கடைசியாக, திரும்பும் நாள். சென்னைக்குப் போகும் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்புகிறது. அந்த நேரத்துக்குத் தெருவில் வண்டி தேட முடியாது. முந்தின நாள் மாலை உங்களை இறக்கிவிட்ட ஆட்டோக்காரரிடமே "அண்ணே, காலைல ஸ்டேஷனுக்கு வரணும்" என்று சொல்லி நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். தூங்கப் போகும் முன் இன்னொரு தடவை கூப்பிட்டு ஞாபகப்படுத்துங்கள்.