கண்டக்டர் எந்தச் சீட்டைக் கிழிப்பார்?

2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. கொஞ்ச நாளில் திருநங்கைகளுக்கும் அந்தச் சலுகை வந்தது. மகளிருக்கு ஒரு சீட்டு, திருநங்கைகளான நமக்கு ஒரு சீட்டு. தங்கச்சிமடத்தில் கருவாட்டுக் கூடையோடு ஏறுவேன். கண்டக்டர் எதைக் கிழிக்கிறார் என்று பார்ப்பதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும். மகளிர் சீட்டு வந்தால் அன்றைக்குக் கூடை கனக்காது.

இப்படியே ஒரு வருஷம் போனது. ‘திருநங்கை என்று கண்டுபிடித்திருப்பார்களோ’ என்ற நமைச்சல் உங்களுக்கும் இருந்தால், நான் தேறிய வழியைச் சொல்கிறேன்.

பார்வையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கூடையில் நெத்திலி இருந்தால் பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்க்கும்! காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நேரில் ‘நீங்க’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. உங்களைப் பற்றி அடுத்தவரிடம் பேசும்போதுதான் விஷயம் வெளியே வரும். “அந்தக்கா இறங்குது, வழி விடுப்பா” என்றால் சரி. ஒரு வாரம், காதில் விழுந்ததை மட்டும் ராத்திரி எழுதி வையுங்கள். நீங்களாக நினைத்ததை எழுதக் கூடாது. என் நோட்டில் 11 ‘அக்கா’, 4 ‘யம்மா’, ஒரே ஒரு கிசுகிசு. அதுவும் வாளைக் கருவாட்டு விலையாக இருந்திருக்கலாம்.

அப்புறம் கண்ணாடி. ஒரு சாண் தூரத்தில் நின்று தாடையை ஆராய்வது நாம் மட்டும்தான். தோழியைப் பத்தடி தள்ளி நிற்கவைத்து, நீங்கள் நடப்பதைப் போனில் எடுக்கச் சொல்லுங்கள். நான் பார்த்தபோது, கண்ணை இழுத்தது தாடை இல்லை, முந்தானை. கச்சான் காற்றில் நொடிக்கொரு தரம் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நடந்திருக்கிறேன். தோளில் இரண்டு ஊக்கு குத்தினேன், தீர்ந்தது.

உடைந்துபோன குரலை ஹார்மோன் மாத்திரை மாற்றாது, பழக்கித்தான் மாற்ற வேண்டும். அதற்காகக் கீச்சுக்குரல் போட வேண்டாம், அதற்குத்தான் ஆட்கள் திரும்புவார்கள். பாம்பனில் மீன் விற்கும் அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கட்டைக்குரல்தான். ஆனால் சொல்லின் கடைசியை ஓர் இழுப்பு இழுத்து இறக்குவார்கள். அந்த இழுப்பைப் பிடியுங்கள்.

பெண் என்றே நம்பிவிட்டால் வேறு தொல்லை. “எத்தனை பிள்ளைக?” என்பார்கள். இல்லை என்றால், ராமேஸ்வரத்தில் நாகர் பிரதிஷ்டை பண்ணச் சொல்வார்கள். எனக்கு இதுவரை மூன்று பேர் சொல்லியாயிற்று. தலையாட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. இருட்டிய பிறகு ஒருவன் பின்னாலேயே வந்தால், அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். வெளிச்சமுள்ள டீக்கடைப் பக்கம், பெண்கள் நிற்கிற இடத்துக்குப் போய்விடுங்கள்.

போன வாரம் ஒரு கண்டக்டர் திருநங்கைச் சீட்டைக் கிழித்து நீட்டினார். வாங்கி ஜாக்கெட்டில் செருகினேன். “யக்கா, கூடையைக் கொஞ்சம் சீட்டுக்கடியில தள்ளு, நாறுது” என்றார். தள்ளினேன்.